காலமான பிரமுகரின் பிள்ளை என்று உரிமை கோருதல்: வழக்குக்கு முன்னும் வழக்கிலும் செய்ய வேண்டியவை

காலமான அரசியல் தலைவர், நடிகர், எழுத்தாளர் அல்லது தொழிலதிபர் ஒருவரே தம்மைப் பெற்ற தந்தை என்று கூறி, அவருடைய குடும்பத்தாரிடம் உரிமை கோர எண்ணும் ஒருவர், வழக்கறிஞரின் அலுவலகப் படியேறுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலைகள் பல உள்ளன. அவற்றை இந்த அத்தியாயம் இந்தியச் சட்டத்தின்படியும் தமிழ்நாட்டு நடைமுறையின்படியும் வரிசையாகக் கூறுகிறது. வரிசையைக் காப்பது இங்கு மிக முக்கியம். உண்மையான கோரிக்கைகூட வரிசை தவறினால் தள்ளுபடியாகிவிடும். டி.என்.ஏ. சோதனை நடந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு மட்டும் நீதிமன்றம் செல்பவர் ஏமாற்றமடைய நேரும். ஏனெனில் நீதிமன்றம் அந்தச் சோதனையைக் கடைசிப் படியாகவே கருதுகிறது, அதற்கு முந்தைய படிகள் உறுதியாக இல்லாவிட்டால் அனுமதிப்பதே இல்லை.

எது கோரப்படுகிறது என்பதை முதலில் முடிவு செய்தல்

தந்தை இன்னார் என்று பெயரளவில் அறிவிக்கப்பட வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. சொத்தில் பங்கு வேண்டும் என்பது மற்றொன்று. இறுதிச் சடங்கு செய்யும் உரிமை, படைப்புகளின் பதிப்புரிமையில் பங்கு ஆகியவை வேறு. இவை ஒவ்வொன்றுக்கும் சான்றும் மன்றமும் கட்டணமும் மாறும் என்பதால், கோருபவர் ஒரு தாளில் தம் கோரிக்கையை இரண்டு வரிகளில் எழுதிப் பார்த்து, அதில் எது இன்றியமையாதது என்று தெளிந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

சொத்தே நோக்கம் என்றால், இறந்தவர் உயில் எழுதியுள்ளாரா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். ஒருவர் தாமே சம்பாதித்த சொத்தை, பெற்ற பிள்ளைகள் அனைவரையும் ஒதுக்கிவிட்டுக்கூட யாருக்கும் உயிலால் எழுதிவைக்க இந்துச் சட்டம் இடம் தருகிறது. அத்தகைய உயில் செல்லுபடியாகும் நிலையில், பிள்ளை என்று நிரூபித்தாலும் அந்தச் சொத்தில் கைக்கு எதுவும் வராது. பல ஆண்டுகள் வழக்காடிய பின் இதை அறிவதைவிட முதல் வாரத்திலேயே அறிவது நல்லது.

முதல் தடை: தாயின் திருமணம்

இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 116ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. செல்லத்தக்க திருமணம் நிலவும் காலத்தில் பிறந்த குழந்தை, அல்லது திருமணம் முறிந்து 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் பிறந்த குழந்தை, அந்தக் கணவரின் குழந்தையே என்பதற்கு அந்தப் பிறப்பே முடிவான சான்று என்று அப்பிரிவு கூறுகிறது. இதை உடைக்க ஒரே வழிதான் உண்டு: கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடுவதற்கு வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டுவது. கணவர் அக்காலம் முழுவதும் வெளிநாட்டில் இருந்தார் என்பதற்குக் கடவுச்சீட்டுப் பதிவு, சிறையில் இருந்தார் என்பதற்குச் சிறைப் பதிவேடு போன்றவை இதற்குப் பயன்படும். தாய்க்கு வேறொருவருடன் உறவு இருந்தது என்று காட்டுவது மட்டும் போதாது.

2025 ஜனவரி 28 அன்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் இறுக்கியது. மணவுறவில் பிறந்தவர் என்ற அனுமானம் உடைக்கப்படாதவரை சட்டத்தின் கண்ணில் கணவரே தந்தை என்றும், உடற்கூற்றுத் தந்தை வேறொருவர் என்று கூறி அவரை டி.என்.ஏ. சோதனைக்கு இழுக்க முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஆகவே, தாய் அக்காலத்தில் மணமானவராக இருந்திருந்தால், இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைக்கும்வரை வேறு எதற்கும் பணம் செலவிட வேண்டாம்.

தாய் உயிருடன் இருந்தால் அவருடைய சம்மதம் இன்றி இந்த வழக்கைத் தொடங்குவது அவருக்கு இழைக்கும் பெருந்தீங்கு என்பதையும் இங்கே கூறியாக வேண்டும். குறுக்கு விசாரணையில் அவருடைய இளமைக்கால வாழ்க்கை முழுவதும் அந்நியர்கள் முன்னிலையில் பிரித்து வைக்கப்படும். அதை அவருக்கு முன்கூட்டியே விளக்கி, அவர் விருப்பத்தைக் கேட்ட பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

எந்த நிலையில் என்ன உரிமை

இறந்தவருக்கும் தாய்க்கும் இருந்த உறவின் தன்மையைப் பொறுத்தே உரிமை அமைகிறது. இந்துச் சட்டத்தின்படி நான்கு நிலைகள் எழக்கூடும்.

1. இருவருக்கும் செல்லத்தக்க திருமணம் நடந்திருந்தால், பிள்ளை முழு வாரிசு. தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தில் 1967ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கிறது. மாலை மாற்றியதோ மோதிரம் அணிவித்ததோ தாலி கட்டியதோ உறவினர், நண்பர் முன்னிலையில் நடந்திருந்தால் போதும். ஆகவே கோயிலிலோ மண்டபத்திலோ சடங்கு நடக்கவில்லை என்பதற்காகத் திருமணமே இல்லை என்று கோருபவர் தாமாக முடிவு கட்டிவிடக் கூடாது.

2. இறந்தவருக்கு முதல் மனைவி இருக்கையில் இரண்டாவதாக நடந்த திருமணம் செல்லாது. எனினும் அதில் பிறந்த பிள்ளை இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி முறையான பிள்ளையாகவே கருதப்படுவார். பெற்றோரின் சொத்திலும், கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தைக்குப் பாகமாகக் கிடைத்திருக்கக்கூடிய பங்கிலும் அவருக்கு உரிமை உண்டு, ஆனால் பிறப்பினாலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளி ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது.

3. சடங்கு எதுவும் நிரூபிக்கப்படாவிட்டாலும், இருவரும் நெடுங்காலம் கணவன் மனைவியாக ஊரறிய ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால், திருமணம் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். 2022 ஜூனில் ஒரு கேரள வழக்கில் இந்த அடிப்படையில் மகனுக்குப் பங்கு கிடைத்தது. இந்த அனுமானத்தை எதிர்த்தரப்பு சான்று கொண்டு உடைக்கலாம்.

4. திருமணமும் இல்லை, கூடி வாழ்ந்ததும் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பிள்ளை தாய்க்கு மட்டுமே வாரிசு. தந்தையின் சொத்துக்கு வாரிசாக முடியாது. ஆயினும் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகளின்படி, மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் வயது வரும்வரையிலும், மகள் மணமாகும்வரையிலும் இறந்தவரின் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கோரலாம். சிறு குழந்தைகளின் சோற்றுக்கும் படிப்புக்கும் இப்பிரிவுகள் பெரிதும் உதவக்கூடியவை. பங்கு கேட்கும் ஆவேசத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

பிற சமயத்தவருக்கு அவரவர் தனிச்சட்டம் பொருந்தும் என்பதால், அத்துறையில் பழகிய வழக்கறிஞரை அணுக வேண்டும்.

ஆவணங்களைத் திரட்டும் முறை

வழக்கின் வெற்றி பெரும்பாலும் இந்தப் படியில்தான் தீர்மானிக்கப்படுகிறது. இறந்தவர் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. ஆனால் தகராறு எழுவதற்கு முன்பு அவர் எழுதியதும் கூறியதும் சாட்சியாக ஏற்கப்படும். உறவுமுறை பற்றி அதை அறிந்த ஒருவர், தகராறு தோன்றும் முன் கூறிவிட்டு இறந்திருந்தால், அக்கூற்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 26ஆம் பிரிவின்படி பொருத்தமான சாட்சியம். அவ்வாறே, குடும்பத்தை நன்கு அறிந்தவர்கள் அந்தப் பிள்ளையை இன்னாரின் பிள்ளையாக நடத்தி வந்தார்கள் என்பது 44ஆம் பிரிவின்படி பொருத்தமானது. "தகராறுக்கு முன்" என்பதே இங்கு உரைகல். மரணத்துக்குப் பிறகு, சொத்துப் பேச்சு தொடங்கிய பிறகு எழுதப்பட்ட எந்தக் காகிதத்துக்கும் மதிப்பு குறைவு.

1. காலவரிசைத் தாள். தாயும் இறந்தவரும் அறிமுகமானது முதல் இறந்தவரின் மரணம்வரை ஆண்டு, மாதம், இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும். நினைவில் இல்லாத இடத்தை வெற்றிடமாகவே விட வேண்டும்; ஊகித்து நிரப்பிய ஒரு தேதி குறுக்கு விசாரணையில் உடைந்தால் மற்றவையும் நம்பிக்கை இழக்கும்.

2. பொது ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ், மகப்பேறு நடந்த மருத்துவமனையின் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு ஆகியவற்றில் தந்தை பெயர் எப்படிப் பதிவாகியுள்ளது என்று பார்க்க வேண்டும். இவற்றின் சான்றிட்ட நகல்களை உரிய அலுவலகங்களில் கேட்டுப் பெற வேண்டும். வேறொருவர் பெயர் தந்தையாகப் பதிவாகியிருந்தால் அதை மறைக்காமல் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

3. பணம் சென்ற தடம். மணியார்டர் ரசீது, வங்கிக் கணக்கு விவரம், பள்ளிக் கட்டணம் கட்டியவர் பெயர், ஆயுள் காப்பீட்டில் நியமனதாரர் பெயர் ஆகியவை வாய்மொழியைவிட வலுவானவை.

4. கடிதங்களும் படங்களும். கடிதத்தை மட்டுமின்றி அது வந்த உறையையும் பாதுகாக்க வேண்டும். அஞ்சல் முத்திரையின் தேதியும் ஊரும் கடிதத்தின் காலத்தை உறுதிசெய்யும். பிரமுகருடன் எடுத்த ஒற்றைப் படம் எதையும் நிரூபிக்காது, பொது வாழ்வில் இருப்பவருடன் படம் எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பர். பல ஆண்டுகளில், குடும்ப நிகழ்ச்சிகளில் எடுக்கப்பட்ட படங்களின் தொடர்ச்சியே பயன் தரும். கைப்பேசியிலுள்ள படம், ஒலிப்பதிவு, செய்தி ஆகியவற்றைத் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கருவியை விற்றுவிடக் கூடாது.

5. முதிய சாட்சிகள். ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், மருத்துவச்சி, அண்டை வீட்டார் ஆகியோரின் வயதைக் கருத்தில் கொண்டு, அவர்களின் சாட்சியத்தை முன்கூட்டியே பதிவு செய்ய நீதிமன்ற ஆணையர் நியமனம் கோரலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். சாட்சிக்குப் பணமோ பங்கோ தருவதாகச் சொல்லக் கூடாது.

பழைய முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தமோ தத்துப் பத்திரமோ கையில் இருந்தால், அதைப் பெருமையுடன் வெளியில் காட்டும் முன், திருப்பிப் பார்க்க வேண்டும். பின்புறத்தில் முத்திரைத்தாள் விற்பனையாளரின் பெயரும் உரிம எண்ணும் வரிசை எண்ணும் வாங்கியவர் பெயரும் விற்ற தேதியும் இருக்கும். பத்திரத்தில் எழுதிய தேதிக்குப் பிறகு தாள் விற்கப்பட்டிருந்தால் அந்தப் பத்திரம் பொய். கையொப்பமிட்டதாகக் கூறப்படும் சாட்சிகள் அந்தத் தேதியில் அந்த ஊரில் இருந்தார்களா, உடல்நலத்துடன் இருந்தார்களா என்பதையும் சரிபார்க்க வேண்டும். 2017 மார்ச்சில், மறைந்த முதல்வர் ஜெயலலிதாவின் மகன் என்று கூறிக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றம் சென்ற ஒருவரின் ஆவணங்களைப் பார்த்த நீதிபதி, அவை புனையப்பட்டவை என்று ஐயுற்று, காவல் துறை ஆணையரிடம் மூல ஆவணங்களை ஒப்படைக்குமாறு உத்தரவிட்டார். பிறர் "தயாரித்துத் தருகிறேன்" என்று கொண்டுவரும் காகிதம் கோருபவரையே சிறைக்கு அனுப்பும். பொய்ச் சாட்சியத்துக்கு மட்டுமே ஏழு ஆண்டுவரை தண்டனை உண்டு.

எங்கே, எப்போது, எப்படி வழக்குத் தொடுப்பது

1. வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியரிடம் செல்வது பயனற்றது. உறவே தகராறில் இருக்கும்போது அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுமாறே பதில் வரும். குடும்பத்தார் தங்களுக்கு மட்டும் சான்றிதழ் பெற முயன்றால் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்து, அதற்கு ஒப்புகை பெற்றுக்கொள்வது நன்று.

2. நேரே உச்ச நீதிமன்றத்துக்கோ ரிட் மனுவாக உயர் நீதிமன்றத்துக்கோ செல்லக் கூடாது. ஜெயலலிதாவின் மகள் என்று கூறிய பெங்களூருப் பெண் ஒருவரின் மனுவை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் ஏற்க மறுத்தது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் சென்ற அவருடைய வழக்கும் 2018 அக்டோபரில் தள்ளுபடியானது. சாட்சிகளை விசாரித்து உண்மையை முடிவு செய்யும் இடம் உரிமையியல் நீதிமன்றம். சில சூழல்களில் குடும்ப நீதிமன்றம்.

3. குறித்த நிவாரணச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி "இன்னாரின் பிள்ளை" என்ற விளம்புகையைக் கோர வேண்டும். விளம்புகை என்பது ஒருவரின் சட்ட நிலையை நீதிமன்றம் அறிவிப்பது. சொத்தும் வேண்டும் என்றால் பாகப்பிரிவினையையும் அதே வழக்கில் சேர்த்துக் கோர வேண்டும். கோரக்கூடிய பரிகாரத்தை விட்டுவிட்டு வெறும் விளம்புகை மட்டும் கேட்டால் வழக்கு நிற்காது.

4. இறந்தவரின் மனைவி, தாய், பிள்ளைகள், முன்னரே இறந்த பிள்ளையின் வாரிசுகள் என எல்லாரையும் எதிர்வாதிகளாகச் சேர்க்க வேண்டும். விடுபட்டவரை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது.

5. விளம்புகைக்குக் காலவரையறைச் சட்டத்தின் 58ஆம் உறுப்பின்படி, உரிமை முதலில் மறுக்கப்பட்டதிலிருந்து மூன்று ஆண்டுகளே உண்டு. பாகப்பிரிவினைக்கு நீண்ட காலம் உண்டு என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்; குடும்பத்தார் மறுத்து அனுப்பிய முதல் கடிதத்தின் தேதியை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைக்க வேண்டும்.

6. சொத்துகளின் வில்லங்கச் சான்று எடுத்து, விற்பனை நடக்கும் அபாயம் தெரிந்தால் வழக்குடன் இடைக்காலத் தடையுத்தரவும் கோர வேண்டும். குடும்பத்தார் கேவியட் மனு தாக்கல் செய்திருந்தால் அவர்களைக் கேட்காமல் உத்தரவு கிடைக்காது. கேவியட்டின் ஆயுள் 90 நாட்கள்.

டி.என்.ஏ. சோதனை: எப்போது, எதிலிருந்து

ஒருவரை இரத்த மாதிரி கொடுக்குமாறு வழக்கமாகக் கட்டாயப்படுத்த முடியாது என்றும், வலுவான முகாந்திரம் இல்லாமல் துருவித் தேடும் நோக்கில் சோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1993இல் வகுத்த விதி இன்றும் அடிப்படை. வேறு சான்றுகளால் தீர்க்கக்கூடிய சொத்து வழக்கில், விருப்பமில்லாதவரைச் சோதனைக்கு உட்படுத்தலாகாது என்று 2021இல் அதே நீதிமன்றம் கூறியது. எனினும், மறுப்பவருக்கு எதிரான அனுமானத்தை நீதிமன்றம் கொள்ளலாம். முன்னாள் முதல்வர் என்.டி. திவாரிக்கு எதிராக 2008இல் தொடுக்கப்பட்ட வழக்கில் 2012இல் இரத்தம் எடுக்கப்பட்டு, மகன் என்ற கோரிக்கை மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அவர் அப்போது உயிருடன் இருந்தார். இறந்தவர் விஷயத்தில் மாதிரி எங்கிருந்து வரும் என்ற கேள்வி முன்னே நிற்கிறது.

தகனம் செய்யப்பட்ட உடலின் சாம்பலிலிருந்து நடைமுறையில் மரபணு கிடைப்பதில்லை. அண்ணா முதல் கருணாநிதி வரையிலான தலைவர்கள் மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டிருப்பதால், புதைத்த உடலைத் தோண்டலாமே என்ற எண்ணம் தமிழ்நாட்டில் எளிதில் எழுகிறது. நீதிமன்றங்கள் இதை மிக அரிதாகவே அனுமதிக்கின்றன. அனுமதி கிடைத்தாலும் முடிவு கோருபவருக்குச் சாதகமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பிரெஞ்சு நடிகர் ஈவ் மோந்தானின் உடல் 1998இல் பாரிசில் தோண்டப்பட்டது. தந்தை அவர் அல்லர் என்று தெரிந்தது. ஓவியர் சால்வதோர் தாலியின் உடல் 2017 ஜூலை 20 அன்று ஸ்பெயினின் ஃபிகேரஸ் நகரில், அவர் அடக்கமான அருங்காட்சியகத்திலேயே திறக்கப்பட்டு, முடி, நகம், பற்கள், இரண்டு நீண்ட எலும்புகள் எடுக்கப்பட்டன. செப்டம்பரில் வந்த முடிவு அங்கும் இல்லை என்றது. இருவரின் உடல்களையும் மீண்டும் ஒருமுறை புதைக்க வேண்டியிருந்தது.

ஆகவே முதலில் நாட வேண்டியவை வேறு. இறந்தவருக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தால் திசுச் சோதனைக்காக மெழுகுக் கட்டியில் பதித்து வைத்த மாதிரி மருத்துவமனையில் இருக்கக்கூடும். அதை அழிக்காமல் வைத்திருக்குமாறு நீதிமன்ற உத்தரவு விரைவில் பெற வேண்டும். அடுத்தது உறவினர் மாதிரி. கோருபவர் ஆண் என்றால், தந்தை வழியில் மாறாமல் இறங்கும் ஒய் குரோமோசோமை இறந்தவரின் சகோதரருடனோ மகனுடனோ ஒப்பிடலாம். பொருந்தாவிட்டால் கோரிக்கை ஏறக்குறைய முடிந்தது. பொருந்தினால் அதே ஆண் வழியினர் என்று மட்டுமே பொருள், ஏனெனில் சித்தப்பாவின் மகனுக்கும் அதே குரோமோசோம் உண்டு. கோருபவர் பெண் என்றால், ஒரு தந்தை தம் ஒரே எக்ஸ் குரோமோசோமை எல்லா மகள்களுக்கும் முழுதாகத் தருகிறார் என்பதால், இறந்தவரின் மகளுடன் ஒப்பிடுவது பயன் தரும்.

எச்சரிக்கை: குடும்பத்தாரின் தேநீர்க் கோப்பை, சீப்பு, முடி ஆகியவற்றைத் திருட்டுத்தனமாக எடுத்துத் தனியார் கூடத்தில் சோதிப்பது வீண். யார் எடுத்தார், யாரிடம் இருந்தது என்ற சங்கிலி இல்லாத மாதிரியை நீதிமன்றம் நம்பாது. பிறர் அந்தரங்கத்தை மீறியதாக எதிர்வழக்கும் வரும். சோதனை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை 10ஏ விதிப்படி ஆணையர் வழியாக, நீதிமன்றம் குறிப்பிடும் கூடத்திலேயே நடக்க வேண்டும்.

வழக்கு நடக்கும் காலத்தில் பாதுகாப்பு

பத்திரிகையாளர் சந்திப்பு நடத்த வேண்டாம். இறந்தவரைப் பற்றிய கூற்று அவர் குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்குடையதாக இருந்தால் அதுவும் அவதூறாகலாம் என்று சட்டம் கூறுகிறது. தவிர, கேமரா முன் அவசரத்தில் சொன்ன ஒவ்வொரு தேதியும் பின்னர் குறுக்கு விசாரணையில் திரும்பி வரும். பெங்களூருப் பெண்ணின் வழக்கில், அவர் பிறந்ததாகக் கூறிய 1980 ஆகஸ்ட்டுக்கு ஒரு மாதம் முன்பு ஜெயலலிதா விருது விழாவில் கலந்துகொண்ட காணொலியை அரசுத் தரப்பு காட்டியது. பிரமுகரின் வாழ்வு நாள்தோறும் படமெடுக்கப்பட்ட வாழ்வு; கோருபவரின் காலவரிசைத் தாள் அந்தப் படங்களோடு பொருந்தியாக வேண்டும். வழக்குத் தொடுக்கும் முன்பே பழைய செய்தித்தாள்களைப் புரட்டி இதைச் சரிபார்க்க வேண்டும்.

ரசிகர்களும் கட்சியினரும் உணர்ச்சிவசப்படும் வழக்கு இது. மிரட்டல் வந்தால் தேதி, நேரம், எண் குறித்து வைத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ஒப்புகை ரசீது பெற வேண்டும். மூல ஆவணங்களை வங்கிப் பெட்டகத்தில் வைத்து நகல்களையே கையில் கொண்டு செல்ல வேண்டும். வெற்றி பெற்றால் பாதிப் பங்கு என்று வழக்குச் செலவைத் தாங்க முன்வரும் இடைத்தரகரிடம் எதிலும் கையொப்பமிடக் கூடாது.

எதிர்த்தரப்பிலிருக்கும் குடும்பத்தாருக்கு

கோரிக்கை பொய் என்று உறுதியாகத் தெரிந்தாலும் பழைய கடிதங்களையும் கணக்குகளையும் அழிக்கக் கூடாது; அழித்தது தெரிந்தால் அதுவே எதிரான அனுமானமாகும். உண்மை எது என்று தமக்கே தெரியாத நிலையில், பரஸ்பர சம்மதத்துடன் நீதிமன்றம் வழியே சோதனை செய்துகொள்வது பல ஆண்டு வழக்கைச் சில மாதங்களில் முடிக்கும். சமரச மையத்தில் நடக்கும் பேச்சு வெளியே போகாது என்பதால், இரு தரப்பின் மானமும் காக்கப்படும் இடம் அதுவே.

வழக்குச் செலவு தாங்க இயலாதோர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இவ்வாணைக்குழுக்களுக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்; உதவித் தொலைபேசி எண் 15100.